சிங்கிளோ டபிளோ

எங்கட பக்கத்தில ஒருத்தர் இயக்கத்திட்டைப் பாஸ் எடுத்து ஆமிப் பக்கத்து வவுனியாவுக்குப் போறார் எண்டால் சனம் அவற்ற முகத்தைப் பாக்காது, தோளில கொழுவின பாக்கைத்தான் பாக்கும். ஒரு சாரம், ஒரு துவாய், டொக்டர் எழுதின மருந்துத் துண்டு எண்டால் ஆள் திரும்பி வரும். கலியாணப் போட்டோ, பிறப்புப் பத்திரம், காணி உறுதி எண்டால் வராது. இந்தக் கணக்கு பிழைச்சு நான் கண்டது குறைவு. எங்கட ஒழுங்கையில மூலை வீட்டு மனிசி, ஆள் பாக்கைத் தூக்கிற விதத்தைப் பாத்தே கொழும்போட நிக்குமோ கனடா மட்டும் போகுமோ எண்டு சொல்லுவா.

என்ர மனிசன் கொண்டு போனது கிற்றாரை.

"அப்ப அவ்வளவுதான்" எண்டா மூலை வீட்டு மனிசி, எனக்குக் கேக்கத்தக்கதா.

"உங்கட வாயில கொள்ளி வைக்க" எண்டு நான் வேலிக்கு மேலால குடுத்தன். எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். பள்ளிக்கூடத்திலயே அதுக்கு அடி வாங்கினனான், திருந்தேல்லை. ஆனா அண்டைக்கு அந்தச் சொல்லைச் சொல்லேக்க உள்ளுக்குள்ள நடுங்கினது எனக்குத்தான் தெரியும்.

அது தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. தாண்டிக்குளத்தால வவுனியாவுக்குப் பாதை இருந்த காலம். நாங்கள் முல்லைத்தீவுக் கரையை விட்டு எழும்பி வந்து உடையார்கட்டில ஒரு கிடுகுக் கொட்டிலில இருந்தம். நானும் இவரும் இவற்ற தாயும். மாமிக்கு ரெண்டு பிள்ளையள். மூத்தவரைக் கடலில குடுத்தவா. தொழிலுக்குப் போன வள்ளத்துக்கு நேவி அடிச்சதில உடம்பும் கிடைக்கேல்லை. மிச்சம் இருந்தது இவர் ஒருத்தர்தான்.

கரையில இருக்கேக்க இவர் பகலில கடலுக்குப் போவார், கலியாண வீடுகளில கிற்றார் வாசிப்பார். பைலாப் பாட்டு எண்டால் இவற்ற கை நிக்காது. என்னைக் கட்டினதும் அப்பிடித்தான். என்ர மச்சாளின்ர கலியாண வீட்டில நான் பாட ஏறினன், இவர் சுருதி கூட்டி வைச்சுப்போட்டார், எனக்குத் தொண்டை கிழிஞ்சுது. இறங்கி வந்து பேசினன் பாருங்கோ, கலியாண மாப்பிள்ளையே எழும்பி வந்து சமாதானம் பேசினவர். அடுத்த கிழமை பொம்பிளை கேட்டு ஆள் வந்திட்டுது.

உடையார்கட்டுக்கு வந்தபிறகு கடலும் இல்லை, பைலாவும் இல்லை. சைக்கிளில போய்க் களப்பில வலை வீசி இறால் கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில கிடுகால மேஞ்ச மாதா கோயிலில நான் பாட, இவர் கார்ப் பற்றரியில அம்பிளிபயரைக் கொழுவி வாசிப்பார். அந்த ஒரு மணித்தியாலம்தான் மனிசன்ர முகத்தில வெளிச்சம் இருக்கும்.

கிற்றார் பெரிய சாமான் இல்லை. குவைத்தில நிண்ட தாய்மாமன் கொண்டு வந்து குடுத்த சிவப்புக் கிற்றார். கடையில வரிசையாத் தொங்கிறதில ஆக மலிவானதை எடுத்திருக்கிறார் எண்டு பாத்தாலே தெரியும். ஆனா மரம் நல்ல மரம், கழுத்து வளையேல்லை. குறை முழுக்கப் பிக்கப்பிலதான்.

எலெக்ரிக் கிற்றாரைத் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். அதுக்குள்ள வெறுவெளி இல்லை, கட்டி மரம். சும்மா வாசிச்சால் காதுக்குள்ள நுளம்பு பாடுற சத்தம்தான் வரும். தந்திகளுக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி இருக்கும். காந்தம் வைச்சு, தலைமயிரை விட மெல்லிசான செப்புக் கம்பியைச் சுத்தோ சுத்தெண்டு சுத்தினது. தந்தி அதிர அதிர அதைப் பிடிச்சு அம்பிளிபயருக்கு அனுப்பிறது அதுதான். அதுதான் பிக்கப். அது செத்தால் கிற்றாரை அடுப்புக்குள்ள வைக்கலாம்.

இவற்ற கிற்றாரில இருந்தது சிங்கிள். ஒரே ஒரு சுத்துக் கம்பி. சிங்கிளுக்குச் சத்தம் நல்ல தெளிவு. ஆனா பக்கத்தில ஓடுற கரண்டையும் சேத்துப் பிடிச்சு இரையும். டபிள் எண்டால் ரெண்டு சுத்து. ஒண்டு பிடிக்கிற இரைச்சலை மற்றது விழுங்கிப்போடும். கரண்ட் ஒழுங்கா உள்ள ஊரில சிங்கிள் வைச்சிருக்கிறவனுக்கு இது பெரிய கதையில்லை. வன்னியில எங்க கரண்ட்? திருவிழாவுக்கு மண்ணெண்ணெயில ஓடுற எஞ்சினைத்தான் கோயிலுக்குப் பின்னால வைச்சு ஓட்டுவினம். அந்த எஞ்சினையும் அது எரிக்கிற ரியூப் லைற்றையும் கண்டால் சிங்கிளுக்கு விசர் பிடிக்கும்.

முதல் வருசத் திருவிழாவில அதுதான் நடந்தது. திருப்பலியில காணிக்கைப் பாட்டுத் தொடங்கினன். கிற்றார் "ஙொய்ய்ய்" எண்டு இரையத் தொடங்கினது, நிக்கேல்லை. ஆம்பிளையள் பக்கத்தில இருந்து ஒருத்தன், "கிற்றாருக்குள்ள வண்டு பூந்திட்டுது" எண்டான். கோயில் முழுக்கச் சிரிப்பு. கரையில உப்புக்காத்துக் குடிச்ச கம்பிதானே, நாலைஞ்சு மாதத்தில பச்சை பிடிச்சு அறுந்து முழுசாச் செத்தும் போச்சு. அந்தத் திருவிழா தொட்டு இவர் நித்திரையிலயும் டபிள், டபிள். "டபிள் ஒண்டு போட்டால் எஞ்சினைப் பக்கத்தில வைச்சுக்கொண்டே வாசிக்கலாமடி" எண்டு ஒரு வருசம் என்ர காதைத் திண்டார்.

இன்னொரு கதையும் இருக்கு. கரையில இவரோட சேந்து வாசிச்ச கூட்டத்தில மூண்டு பேர் கொழும்பில நிண்டவை. ஹோட்டலுகளில வாசிக்கினமாம். வாற போற ஆக்களிட்டை எப்பவும் ஒரே சேதிதான் வரும். "அவனை ஒருக்கால் வரச்சொல்லுங்கோ, கிற்றாருக்கு ஆளில்லாமல் நிக்கிறம்." இவர் சிரிச்சுப்போட்டு விட்டிடுவார். ஆனா அண்டைக்குச் சாப்பிடமாட்டார். நான் கேக்கவும் மாட்டன். கேட்டால் மறுமொழி வந்திடும் எண்டு பயம்.

இப்ப நான் எதுக்கு நடுங்கினன் எண்டு விளங்கும்.

பாஸ் எடுக்கப் போன இடத்தில மேசையில இருந்த இயக்கப் பெடியன் பாதர் எழுதிக் குடுத்த துண்டை வாசிச்சுப்போட்டு நிமிந்து பாத்தான்.

"கிற்றார் திருத்தவோ? ஆக்கள் மருந்துக்குப் போகவே நாங்கள் யோசிச்சுத்தான் விடுறம். பூசைக்கு மணி காணாதோ?"

"மணி நித்திரை கொள்ளுற ஆக்களை எழுப்ப, தம்பி. பாடுறதுக்குச் சுருதி வேணும்" எண்டன்.

இவர் மேசைக்குக் கீழால என்ர காலை மிதிச்சார். பெடியன் சிரிக்கேல்லை. "ஆர் பிணை?" எண்டு கேட்டான்.

வெளியில போறவர் திரும்பி வருவார் எண்டதுக்கு உள்ளுக்க ஒருத்தர் பிணை நிக்கவேணும். வராட்டில் பிணை நிண்ட ஆளைக் கூப்பிட்டு இருத்தி வைப்பினம். எவ்வளவு காலத்துக்கு எண்டு ஒருத்தரும் கேக்கேலாது. விட்டாலும், பிறகு அந்த ஆளுக்கு எண்டைக்கும் பாஸ் இல்லை.

"நான்தான்" எண்டன்.

"அக்கா, அவர் வராட்டில் உங்களைத்தான் கூப்பிடுவம். பிறகு எங்களோட சண்டைக்கு வரக்கூடாது."

"தாரும் பேனையை" எண்டு வாங்கிக் கையெழுத்து வைச்சன். ஒரு கிழமைப் பாஸ்.

விடியக் காலமை இவர் வெளிக்கிட்டார். கிற்றாரை உரப்பாக்கில சுத்தி முதுகில கட்டியிருந்தார். மாமி தன்ர கழுத்தில கிடந்த மாதா சுரூபத்தைக் கழட்டி இவற்ற கழுத்தில போட்டா. இவர் கடலுக்குப் போகேக்க கூட அதைக் கழட்டிக் குடுக்காத மனிசி. எனக்குச் சுருக்கெண்டுது. "ஒரு கிழமையில வரப்போற ஆளுக்கு ஏன் மாமி சுரூபம்?" எண்டு கேட்டன். மாமி திரும்பிக் குசினிக்குள்ள போயிட்டா.

நான் இவரிட்டைச் சொன்னது ஒண்டுதான். "டபிளோட வாங்கோ."

"ஓமடி" எண்டிட்டுப் போனார்.

வவுனியாவில இருந்து சாமான் ஏத்திற சைக்கிள் வியாபாரி ஒருத்தன் எங்கட பக்கம் வருவான். சவுக்காரம், நெருப்புப்பெட்டி, டிஸ்பிரின். அவன்தான் எங்களுக்குத் தபால்காரனும். கடிதம் கொண்டு வரமாட்டான். கடதாசி எண்டால் ஆமியும் பிரிச்சுப் பாப்பான், இஞ்சாலயும் பிரிச்சுப் பாப்பினம். எல்லாம் வாயிலதான். ஆளுக்கு ஒரு வசனம். அதுக்கு மேல அவன்ர மண்டையில நிக்காது, அவ்வளவு பேற்ற சேதி.

பாதிக் கிழமையில வந்தான். சைக்கிளை வேலியில சாத்தவும் இல்லை, நான் ஓடிப்போய்ப் பிடிச்சன்.

"அக்கா, அண்ணை றேடியோக் கடையில நிக்கிறார். கொழும்பில இருந்து பிக்கப் ரெண்டு சாதியும் வந்திருக்காம். சிங்கிள் போட்டுப் பாத்தவராம், அந்தக் கடைக் கரண்டில இரையவே இல்லையாம், கண்ணாடி மாதிரிச் சத்தமாம். சிங்கிளோ டபிளோ எண்டு உங்களைக் கேட்டு வரட்டாம்."

ஒரு வருசமா டபிள் டபிள் எண்டு செபமாலை உருட்டின மனிசனுக்கு இப்ப என்ன கேள்வி? கடைக் கரண்டில இரையாட்டில் என்ன, எங்கட கோயிலில என்ன கடைக் கரண்டே ஓடுது? இஞ்ச வந்து வாசிக்கப்போற ஆள் அந்தக் கரண்டைப் பற்றி ஏன் யோசிக்கிறார்?

"டபிள்" எண்டன். "டபிள் எண்டு சொல்லு. விளங்கிச்சுதோ? திருப்பிச் சொல்லு பாப்பம்."

"டபிள்" எண்டான் பாவம், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நான் ஒரு சவுக்காரக்கட்டி வாங்கிக்கொண்டு விட்டன்.

அண்டையில இருந்து எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. சோறு காந்தினது. தண்ணி அள்ளப் போய் வாளியைக் கிணத்துக்குள்ள விட்டன். மாமிக்கு முதல் இதெல்லாம் விளங்கேல்லை. "சிங்கிள் எண்டால் என்ன பிள்ளை, டபிள் எண்டால் என்ன?" எண்டு கேட்டா. நான் அரிசி களைஞ்சுகொண்டு விளங்கப்படுத்தினன். டபிள் எஞ்சினுக்கு ஏற்றது, சிங்கிள் கரண்டுக்கு ஏற்றது. டபிள் எண்டால் உடையார்கட்டு, சிங்கிள் எண்டால் கொழும்பு. மாமி கெட்டிக்காரி. ஒருக்கால்தான் சொன்னன்.

பாஸ் முடிய ஒரு நாள் இருக்கேக்க வியாபாரி திரும்பி வந்தான். நான் வாயைத் திறக்க முதல் அவனே சொன்னான்.

"சிங்கிள் போட்டாச்சாம்."

"என்னடா சொல்லுறாய்? டபிள் எண்டு சொன்னனீதானே?"

"சத்தியமாச் சொன்னனான் அக்கா. அண்டைக்கு ஓம் எண்டவர். நேற்றுப் பாத்தால் சிங்கிள் போட்டாச்சு எண்டு சொல்லு எண்டார்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை."

"வாறன் எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை அக்கா."

"முகம் எப்பிடி இருந்தது?"

"முகமோ? முகம் முகமாத்தான் இருந்தது."

நான் வாசலிலயே இருந்திட்டன். கோவம் வரும் எண்டு பாத்தன், வரேல்லை. மாமி குசினி வாசலில நிண்டு எல்லாத்தையும் கேட்டவா. கையில அகப்பை. அப்பிடியே கண்ணை மூடி, "மாதாவே, நன்றியம்மா" எண்டா.

எனக்கு ஒரு கணம் விளங்கேல்லை. விளங்கினதும் எழும்பிட்டன்.

"என்ன சொன்னனீங்கள் மாமி?"

"அவன் போயிட்டான் பிள்ளை. கொழும்புக்குப் போய்ச் சேந்திடுவான்."

"நான்? நான் பிணை. நான் உள்ள போய் இருக்கிறதோ?"

"உன்னை ஒரு மாதம் வைச்சிருப்பினம், ரெண்டு மாதம் வைச்சிருப்பினம். பிறகு விடுவினம். நான் ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டு வருவன்."

"உங்கட மகன் சொகுசாக் கொழும்பில கிற்றார் வாசிக்க நான் கம்பி எண்ணுறது. நல்ல மாமியார்! இப்பிடியொண்டை ஊர் உலகத்தில ஆரும் கேட்டிருப்பினமே?" எனக்கு வாயில வந்ததெல்லாம் வந்தது. பாவி எண்டன், படுபாவி எண்டன், உங்கட செபமாலையைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ள போடுங்கோ எண்டன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

மாமி கத்தேல்லை. அகப்பையைக் கீழ வைச்சா. "மூத்தவனை நான் தேடித் தேடிக் கரையெல்லாம் திரிஞ்சனான். ஒரு விரல் கூடக் கிடைக்கேல்லை. இவன் எங்கயாவது உயிரோட இருக்கட்டும். என்னட்டை இருக்கவேண்டாம். உன்னட்டையும் இருக்கவேண்டாம்" எண்டா.

அண்டு முழுக்க ரெண்டு பேரும் ஒரே பானையில சமைச்சு, ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டம்.

கடைசி நாள் நான் வான் நிப்பாட்டிற றோட்டு மதவடியில போய் நிண்டன். மத்தியானம் ஒரு வான் வந்தது. இறங்கின ஆக்களில இவர் இல்லை. "தாண்டிக்குளத்தில ஆமி காலமையே பாதையைப் பூட்டிப் போட்டான், கனசனம் அங்கால நிக்குது" எண்டு ஒருத்தர் சொன்னார். பூட்டினால் பூட்டினதுதானே எண்டு மனம் ஒருக்கால் ஆறும். பூட்டாட்டிலும் வந்திருக்கமாட்டார் எண்டு உடன மற்றப் பக்கம் சாயும். பின்னேரமும் ஒரு வான் வந்தது. அதிலயும் இல்லை. மூலை வீட்டு மனிசி மதவால போகேக்க என்னைப் பாத்து ஒண்டும் சொல்லேல்லை. அவா சொல்லாமல் போனதுதான் எனக்கு ஆகலும் பயமாக் கிடந்தது.

அடுத்த நாள் காலமை கூப்பிட ஆள் வரும் எண்டு காத்திருக்க எனக்கு ஏலாது. என்ர குணத்துக்கு அது சரிவராது. தலைக்குத் தோய்ஞ்சு, இருந்ததுக்குள்ள நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு நானே பாஸ் கந்தோருக்குப் போனன். ரெண்டு சட்டையும் ஒரு துவாயும் பாக்கில வைச்சன். என்ர பாக்கைப் பாத்துச் சனம் என்ன சொல்லியிருக்கும் எண்டு தெரியாது. வெளிக்கிடேக்க மாமி வேலிப் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. கண் வீங்கியிருந்தது.

அந்தப் பெடியன்தான் மேசையில.

"வரேல்லையோ அக்கா?"

"பாதை பூட்டாம்."

"பாதை எண்டால் எல்லாருக்கும் பூட்டுத்தான்" எண்டான். நல்லதாச் சொன்னானோ கெட்டதாச் சொன்னானோ தெரியேல்லை. "இருங்கோ. மத்தியானம் மட்டும் பாப்பம்."

சுவரோரம் கிடந்த பலகை வாங்கில இருந்தன். என்ர கலியாணச் சத்தியத்தை, நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் எண்டு பீடத்துக்கு முன்னால இவர் சொன்னதை, மனதுக்குள்ள திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்தன். கொழும்பில ஒரு மேடையில நல்ல சேட் போட்டுக்கொண்டு இவர் நிக்கிறார். இரைச்சல் இல்லை. கண்ணாடிச் சத்தம். அதைப் பாக்க எனக்கே கொஞ்சம் சந்தோசமாக் கிடந்தது. அந்தச் சந்தோசம் வந்ததுதான் எனக்குத் தாங்கேல்லை. அழுதன். பெடியன் வேற பக்கம் பாத்துக்கொண்டு எழுதினான்.

வெய்யில் ஏறினபிறகு வாசலில நிழல் விழுந்துது. புழுதி குடிச்ச ஒரு மனிசன், முதுகில உரப்பாக்கு.

"வந்திட்டன்" எண்டு பெடியனிட்டைத்தான் சொன்னார், என்னட்டை இல்லை. பாஸைக் குடுத்தார். பாதை எப்ப பூட்டினது, எப்ப திறந்தது எண்டு பெடியன் கேட்டுக் கேட்டு எழுதினான். என்ர பேரை வெட்டினான். "போங்கோ அக்கா" எண்டான்.

வெளியில வந்து நான் கொண்டு போன சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தம். நான் வாய் திறக்கேல்லை. நான் கதைக்காமல் வந்தால் இவருக்குப் பயம். குளக்கட்டு மட்டும் பொறுத்துப் பாத்தார்.

"பேசிறதெண்டால் பேசிமுடி" எண்டார்.

"காட்டுங்கோ கிற்றாரை."

உரப்பாக்கை அவிட்டுக் காட்டினார். ஒடுக்கமான புது வெள்ளைப் பெட்டி. சிங்கிள்தான்.

"நான் என்ன சொல்லிவிட்டனான்?"

"டபிள் எண்டு. அதைத்தான் எடுத்தனான். கடைக்காரன் கிற்றாரைக் கழட்டிப் பாத்தான். டபிள் அகலம், இதின்ர பள்ளம் ஒடுக்கம். மரத்தைக் குடையவேணும். குடையிற தச்சன் செட்டிகுளத்துக்குப் போயிட்டானாம், வர ரெண்டு மூண்டு நாள் செல்லும் எண்டான். பாஸ் முடிஞ்சிடும். சரி, சிங்கிளைப் போடு எண்டனான்."

"இதை அந்தக் கோதாரி விழுந்த வியாபாரியிட்டைச் சொல்லிவிட்டால் என்ன? சிங்கிள் எண்டு கேட்ட நேரந்தொட்டு நான் செத்துச் செத்து..."

"அவனுக்கு ஒரு வசனம்தானே கொண்டு வர ஏலும்."

"அப்ப வாறன் எண்ட வசனத்தைச் சொல்லியிருக்கலாமே!"

இவர் குளத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார். "சொல்லேலாமல் கிடந்தது. சொல்லிப்போட்டு வராட்டில் எண்டு பயந்தனான்."

நான் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

"எங்கட பழைய பாட்டுக் கூட்டத்தில ஒருத்தன் கொழும்பால வந்து கடையில நிண்டவன். எல்லாம் ஒழுங்கு பண்ணித் தாறன், றெயில் ஏறு எண்டான். கடையில இருந்து ஸ்ரேசன் கூப்பிடு தூரம், நானும் ஒருக்கால் போய்ப் பாத்தனான். தச்சன் வரும் மட்டும் நிண்டிருந்தால் பாஸ் முடிஞ்சிருக்கும். முடிஞ்ச பிறகு உன்ர முகத்தில முழிக்க எனக்கு ஏலாது. அப்பிடியே ஏறியிருப்பன். அது எனக்கு வடிவாத் தெரியும். அதுதான் கடைக்காரனிட்டை, மரத்தைத் தொடாத, சிங்கிளைப் போட்டு இப்பவே தா எண்டனான்."

டபிள் எண்டு சொன்னது நான். திருப்பிச் சொல்லு எண்டு அந்த வியாபாரியைப் பாடமாக்க வைச்சதும் நான். என்ர மனிசனை என்ர வாயாலயே றெயில் ஏத்தப் பாத்திருக்கிறன்.

எனக்கு அடிக்க வந்தது. அடிச்சன். தோளில ஒண்டு, முதுகில ஒண்டு. சைக்கிள் விழுந்துது. கிற்றாரை மட்டும் பக்குவமாத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு மனிசன் அடி வாங்கினார். பிறகு நான் அந்தத் தோளிலயே சாய்ஞ்சு அழுதன். குளத்தில குளிச்சுக்கொண்டு நிண்ட பொம்பிளையள் எல்லாரும் பாத்தவை. பாக்கட்டும்.

வீட்டை போனம். மாமி படலையடியில நிண்டா. மகனைக் கண்டதும் ஓடிவரேல்லை. நிண்ட நிலையில நிண்டு, "ஏன்ரா வந்தனி?" எண்டா. மாமி அவற்ற முகத்தைத் தடவினா, கையைத் தடவினா, விரல் விரலாத் தடவினா. "ஏன்ரா வந்தனி, ஏன்ரா வந்தனி" எண்டுகொண்டே குசினிக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டா. எனக்கும் போட்டா. என்ர சோத்துக் கோப்பையில மீன் துண்டு ஒண்டு கூடுதலாக் கிடந்துது.

திருவிழா வந்தது. பின்னேரத் திருப்பலி, கோயிலுக்குப் பின்னால எஞ்சின், ரெண்டு பக்கமும் ரியூப் லைற். காணிக்கைப் பாட்டுக்கு இவர் கிற்றாரைப் போட்டதுதான் தாமதம், இரையத் தொடங்கினது. போன முறையை விட மோசம். புதுசெல்லே, நல்லாப் பிடிச்சுது. ஆம்பிளையள் பக்கத்தில சிரிப்புக் கேட்டுது. "வண்டு குட்டி போட்டிட்டுது" எண்டான் ஒருத்தன். இவர் தலையைக் குனிஞ்சுகொண்டு கையால தந்தியைப் பொத்தினார். பொத்தினால் நிக்கிற இரைச்சலோ அது?

பாதர் பீடத்தில நிண்டு கையைக் காட்டினார், எஞ்சினை நிப்பாட்டச் சொல்லி. கோயில் வேலைக்காரர் எழும்பினார்.

நான் மைக்கை மூடிக்கொண்டு அவரைப் பாத்து, "இருங்கோ அண்ணை, நிப்பாட்டவேண்டாம்" எண்டன்.

"இரையுது பிள்ளை."

"இரையட்டும்" எண்டன். எனக்கு அந்த இரைச்சல் வேணும். அது கேக்கும் மட்டும் மனிசன் எனக்குப் பக்கத்தில நிக்கிறார். இரைச்சல் இல்லாத ஊர் எது எண்டு எனக்குத் தெரியும்.

இவரைப் பாத்து, "வாசியுங்கோ" எண்டிட்டுப் பாட்டை எடுத்தன். இவர் தந்தியில இருந்து கையை எடுத்தார். முன்வரிசையில மாமி சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தா. நான் பாட்டை நிப்பாட்டேல்லை.